கட்டின காசுக்குக் குடிச்சே ஆகணுமா?



இந்தப் பகுதியில் சகோதரிகள் சீட்டு கட்டி ஏமாந்தது, தவணையில் கிரைண்டர் வாங்கி அவஸ்தைப்பட்டது, கல்யாணச் செலவில் கையைச் சுட்டுக் கொண்டது என்று எழுதுவதை வாராவாரம் விடாமல் படிக்கிறவள் நான். இன்றைக்கு நான் எழுதப் போகிற விஷயம் கொஞ்சம் புதுசு. சொகுசுக் கப்பலில் உல்லாசப் பயணம் போகிறவர்கள், அங்கே குடிக்கும் பானங்களுக்கு முன்கூட்டியே மொத்தமாகப் பணம் கட்டுகிற 'டிரிங்க்ஸ் பேக்கேஜ்' எடுக்கலாமா, வேண்டாமா என்பதுதான் அது.

"அடியம்மா, லைட்ஹவுஸ் குப்பத்துக்காரிக்கு சொகுசுக் கப்பல் கேக்குதா?" என்று நீங்கள் சிரிப்பது எனக்குக் கேட்கிறது. நானும் சிரித்தவள்தான். பழவேற்காடு ஏரிக்கும் கடலுக்கும் நடுவில் இருக்கிறது எங்கள் ஊர். என் கணவர் ஃபைபர் போட்டில் கடலுக்குப் போகிறவர். எங்கள் கல்யாணம் நடந்து 25 வருஷம் ஆனதற்காக, சென்னையில் வேலை பார்க்கும் என் மகளும் மருமகனும் எங்களையும் சேர்த்து நாலு பேருக்கு இரண்டு இரவுக் கப்பல் பயணத்துக்கு டிக்கெட் போட்டுவிட்டார்கள். விஷயத்தைக் கேட்டதும் அவர் சொன்ன முதல் வார்த்தை, "தெனைக்கும் கடல்லதானே கெடக்குறேன்... துட்டு குடுத்து வேற கடலைப் பாக்கணுமா?" என்பதுதான்.

கப்பல் பயணம் என்றால் இப்போது கோடீஸ்வரர்களுக்கு மட்டும் என்று இல்லை. சென்னைத் துறைமுகத்திலிருந்து 2022 ஜூன் 4-ந் தேதி முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் கொடியசைத்து, கோர்டெலியா நிறுவனத்தின் 'எம்பிரஸ்' என்ற கப்பலை அனுப்பி வைத்தார். கடலில் ஒரு சுற்று சுற்றிவிட்டுத் திரும்புவது, விசாகப்பட்டினம் போய் வருவது என்று பயணங்கள் வந்தன. 2023-ல் இலங்கையின் அம்பாந்தோட்டை, திருகோணமலை, காங்கேசன்துறைக்கும் சென்னையிலிருந்து கப்பல் போனது. மகன், மகள் சம்பாதிக்கிற வீடுகளில் அப்பா அம்மாவை அழைத்துப் போகிறார்கள். நாளைக்கு உங்கள் வீட்டிலும் இந்தப் பேச்சு வரலாம். அதனால்தான் எழுதுகிறேன். நாங்கள் போன கப்பல் மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. அதனால் பெயரும் வேண்டாம்.

டிக்கெட் போட்ட ஏஜெண்ட் மறுநாள் மருமகனுக்குப் போன் செய்திருக்கிறார். "சாப்பாடு டிக்கெட்டிலேயே வந்துடும் சார். டிரிங்க்ஸ் தனி. இப்பவே பேக்கேஜ் எடுத்துட்டா எவ்வளவு வேணும்னாலும் குடிக்கலாம், அன்லிமிடெட்" என்று சொல்ல, மருமகன் உடனே எனக்குப் போன் போட்டார்.

"அத்தே, மாமாவுக்காகத்தான் கேக்குறேன். அவரும் ரெண்டு நாள் ஜாலியா இருக்கட்டுமே. ஒரே தடவை கட்டிட்டா அப்புறம் கணக்கே பாக்க வேணாம்."

'கணக்கே பார்க்க வேண்டாம்' என்று யார் சொன்னாலும் அங்கேதான் உட்கார்ந்து கணக்குப் பார்க்க வேண்டும் என்பது குடும்பம் நடத்துகிற நமக்குத் தெரியாதா? தினசரி காலண்டர் தாளைக் கிழித்து அதன் பின்பக்கம் கணக்குப் போட்டேன். கீழே வரும் தொகைகள் கணக்குக்காக நானாக வைத்துக் கொண்டவை. கப்பலுக்குக் கப்பல், நாளுக்கு நாள் விலை மாறும். உங்களுக்குச் சொல்லும் தொகையை அந்த இடத்தில் போட்டுப் பார்த்துக் கொள்ளுங்கள்.

ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு 2,500 ரூபாய் என்று வைத்துக் கொள்வோம். இரண்டு நாளுக்கு 5,000. கணவன் மனைவி இரண்டு பேருக்கும் சேர்த்து 10,000. தனியாக வாங்கினால் ஒரு கிளாஸ் மது 500 ரூபாய் என்று வையுங்கள். பத்தாயிரத்தை ஐந்நூறால் வகுத்தால் 20 வருகிறது. அதாவது கட்டின பணம் வசூலாக வேண்டுமென்றால் இருபது கிளாஸ் உள்ளே போக வேண்டும். மனைவி தொடாதவள். அப்படியானால் அந்த இருபதும் ஒரே ஆள் தலையில்!

ஒரு கிளாஸில் ஊற்றுவது 30 மி.லி. என்றால், இருபது கிளாஸ் 600 மி.லி. ஒரு குவார்ட்டர் பாட்டில் 180 மி.லி. என்பது நம் ஊர் பெண்களுக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. மூன்று குவார்ட்டருக்கும் மேலே! இரண்டு இரவுப் பயணம் என்றால் முதல் நாள் சாயங்காலம் ஏறி, மூன்றாம் நாள் காலையில் இறங்கிவிடுகிறோம். தூங்குகிற நேரத்தைக் கழித்தால் கையில் இருப்பது ஏறக்குறைய இருபது மணி நேரம்தான். கண் விழித்திருக்கும் ஒவ்வொரு மணி நேரமும் ஒரு கிளாஸ் குடித்தால்தான் 'லாபம்'. இதற்குப் பெயர் ஜாலியா?

இதை எழுதிய பிறகு, இந்தத் திட்டங்கள் எப்படி நடக்கின்றன என்று மகளிடம் விசாரித்துத் தெரிந்து கொண்டேன். அமெரிக்காவில் இருந்து ஓடும் பெரிய கப்பல்களில் இது பல வருஷமாகவே இருக்கிறதாம். சில விஷயங்களை நாம் தெரிந்து வைத்துக் கொள்வது நல்லது.

முதலாவது, மது பேக்கேஜை ஒரு நாளைக்கு மட்டும் என்று பெரும்பாலும் தரமாட்டார்கள். பயணம் முழுவதற்கும் கட்ட வேண்டும். கப்பல் ஒரு ஊரில் நின்று, நாம் இறங்கிச் சுற்றிப் பார்க்கப் போன நாளுக்கும் சேர்த்துத்தான் பணம்.

இரண்டாவது, ஒரே அறையில் தங்கும் பெரியவர்களில் ஒருவர் எடுத்தால் மற்றவரும் எடுத்தாக வேண்டும் என்ற விதி பல கப்பல்களில் உண்டு. ஒருவர் பெயரில் வாங்கி இருவர் குடித்துவிடக் கூடாது என்பதற்காகவாம். அவர்கள் பக்கம் அது நியாயமாக இருக்கலாம். ஆனால் வாயில் வைக்காத பெண்மணி எதற்காகத் தண்டம் அழ வேண்டும்? உடம்புக்கு ஆகாது என்று காரணம் சொல்லிக் கேட்டால், சில நிறுவனங்களில் மதுவில்லாத, விலை குறைந்த பேக்கேஜை மாற்றித் தருவதுண்டு. கேட்டால்தான் தருவார்கள்.

மூன்றாவது, சொன்ன விலைக்கு மேல் சேவைக் கட்டணம் வரும். 18 சதவீதம் என்பது அங்கே சகஜம். அந்தக் கணக்கில் நம்முடைய பத்தாயிரம், பதினோராயிரத்து எண்ணூறு ஆகிவிடும்.

நான்காவது, 'அன்லிமிடெட்' என்பதற்கும் லிமிட் உண்டு! கார்னிவல் என்ற பெரிய கம்பெனியின் திட்டத்தில் 24 மணி நேரத்துக்கு 15 மது கிளாஸ்தான் கணக்கு. அதற்கு மேல் கிடையாது. பதினைந்து என்பது ஒரு மனுஷன் குடிக்கிற அளவா என்று நீங்களே சொல்லுங்கள். அந்தக் காலத்தில் இங்கிலாந்துக் கடற்படையில் மாலுமிகளுக்குத் தினமும் ரம் இலவசமாகவே ஊற்றினார்களாம். அதையும் அளந்துதான் ஊற்றினார்கள். கடைசியில் ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு சுமார் 71 மி.லி.தான். இயந்திரங்களைக் கையாளுகிறவன் நிதானமாக இருக்க வேண்டும் என்று 1970 ஜூலை 31-ந் தேதியோடு அதையும் நிறுத்திவிட்டார்கள்.

ஐந்தாவது, குடிதண்ணீர், சாதாரண டீ, காபி போன்றவை பெரும்பாலான கப்பல்களில் சாப்பாட்டோடு சேர்த்தி. ஏறுவதற்கு முன் 'எது எது சும்மா கிடைக்கும்?' என்று ஒரு கேள்வி கேட்டு எழுதி வாங்கிக் கொண்டால், பாதிப் பேருக்கு பேக்கேஜே தேவைப்படாது.

நியாயத்தையும் சொல்லிவிடுகிறேன். தினமும் ஆறேழு கிளாஸ் விலை கூடிய பானம் குடித்தே தீருவேன், புருஷன் பொண்டாட்டி இரண்டு பேரும் குடிப்போம் என்கிறவர்களுக்கு இந்தத் திட்டம் கட்டுப்படியாகலாம். வளர்ந்த பிள்ளைகள் நாள் முழுக்க ஜூஸ், சோடா என்று கேட்டால் மதுவில்லாத பேக்கேஜ் சில சமயம் லாபமாக இருக்கும். நாளைக்கு 700 ரூபாய் பேக்கேஜ், ஒரு ஜூஸ் 200 ரூபாய் என்றால், ஒரு நாளைக்கு நாலு ஜூஸ் குடிக்கிற பிள்ளைக்கு எடுக்கலாம். இரண்டோடு நிறுத்துகிற பிள்ளைக்கு வேண்டாம். கணக்கு அவ்வளவுதான்.

ஆனால் சகோதரிகளே, கணக்கில் வராத ஒன்று இருக்கிறது. மெனக்கெட்டு இந்தக் கடிதம் எழுத உட்கார்ந்ததே அதற்காகத்தான்.

காசு கொடுத்து முடித்துவிட்டால் நம் புத்தி எப்படி வேலை செய்கிறது? 'சும்மா கிடைச்சா எனக்கு ஒண்ணு, எங்கப்பனுக்கு ஒண்ணு' என்பார்கள். முன்பணம் கட்டின பொருள் சும்மா கிடைக்கிற பொருள் மாதிரியே தெரிய ஆரம்பித்துவிடும். ஓட்டலில் அளவில்லாச் சாப்பாட்டுக்கு டோக்கன் வாங்கிவிட்டு, வயிறு நிறைந்த பிறகும் 'கொடுத்த காசுக்கு இன்னும் கொஞ்சம் சோறு' என்று கேட்கிறோமே, அது சோறு. செரிக்காவிட்டால் ஓமத் தண்ணீர் குடிக்கலாம். இது அப்படியா?

எங்கள் மீன் வியாபாரத்திலும் பார்த்திருக்கிறேன். வியாபாரியிடம் முன்பணம் வாங்கிய போட்டுக்காரர் அந்த மீனை அவர் சொன்ன விலைக்கு அவருக்கேதான் போட வேண்டும். ஏலத்தில் கூட விலை போனாலும் வாயைத் திறக்க முடியாது. கொடுத்தாலும் வாங்கினாலும் முன்பணம் என்பது கையைக் கட்டுகிற கயிறுதான்.

எங்கள் ஏரியில் 'பாடு' என்று ஒரு பழைய முறை இருக்கிறது. இன்றைக்கு இந்த இடத்தில் இன்னார் வலை போடலாம், நாளைக்கு அடுத்தவர் முறை என்று ஊர் கூடி வைத்துக் கொண்ட வழக்கம். ஏரி நிறைய இறால் இருந்தாலும் முறை இல்லாதவன் இறங்க மாட்டான். அள்ளிக் கொள்ள முடிந்தாலும் அளவு வேண்டும் என்று படிக்காத பெரியவர்கள் போட்ட சட்டம் அது. படித்தவர்கள் 'அன்லிமிடெட்' என்று விற்கிறார்கள்!

இப்போது என் சொந்த விஷயத்துக்கு வருகிறேன். எழுதக் கை கூசுகிறது. ஆனாலும் எழுதுகிறேன்.

என் கணவர் குடித்தவர். கொஞ்ச நஞ்சக் குடி இல்லை. கடலிலிருந்து வந்ததும் கூட்டாளிகளோடு ஆரம்பித்தது, பிறகு கடலுக்குப் போவதற்கு முன்னாலேயும் வந்துவிட்டது. என் கம்மல், மூக்குத்தி, மகளுக்கென்று வைத்திருந்த ஒரு சவரன் செயின் எல்லாம் பொன்னேரி அடகுக் கடையைப் பார்த்தன. நாலு வருஷத்துக்கு முன்னால் வாந்தியில் ரத்தம் வந்து, டாக்டர் கையை விரித்த பிறகுதான் சென்னையில் ஒரு சிகிச்சை மையத்தில் சேர்த்தோம். ஊரில் யார் கேட்டாலும் 'மஞ்சள் காமாலை' என்றுதான் சொன்னோம். அன்றிலிருந்து இன்றுவரை அவர் தொடவில்லை.

அதற்குப் பிறகுதான் மகள் கல்யாணம். சம்பந்தி வீட்டுக்கு இது தெரியாது. 'அப்பா குடிகாரர்' என்று சொன்னால் நல்ல சம்பந்தம் தட்டிப் போய்விடுமோ என்ற பயம். மகளும் தன் புருஷனிடம் சொல்லவில்லை. 'நாங்க மறைச்சது ஒரு நோயைத்தானே' என்று மனசுக்குச் சமாதானம் சொல்லிக் கொண்டேன். பாவம் மருமகன், மாமனாரை மரியாதை பண்ணுவதாக நினைத்துக் கொண்டு கேட்கிறார். நான் என்ன பதில் சொல்வேன்?

'காசு தண்டம் மாப்ள' என்று சொல்லித் தப்பிக்கப் பார்த்தேன். "காசைப் பத்தி நீங்க ஏன் கவலைப்படுறீங்க? நான் கட்டுறேன் அத்தே" என்று விட்டார். நான் போட்ட அத்தனை கணக்கும் அந்த ஒரு வார்த்தையில் பயனில்லாமல் போனது. பக்கத்தில் மகள் இருந்தது போனிலேயே தெரிந்தது. அவளும் ஒன்றும் பேசவில்லை. அன்றைக்கு ராத்திரி எனக்குத் தூக்கமே இல்லை. உண்மையைச் சொன்னால் மானம் போகும். சொல்லாமல் விட்டால் மனுஷனே போய்விடுவார்.

அந்த ராத்திரி எனக்கு நினைவுக்கு வந்தது இரண்டு பெண்கள். பழவேற்காடு ஏரியின் பெரும்பகுதி ஆந்திராவில்தான் இருக்கிறது. நெல்லூர் ஜில்லா தூபகுண்டா கிராமத்தில் ரோசம்மா என்ற கூலிக்காரப் பெண்ணும் அவர் கூட்டாளிப் பெண்களும், முதியோர் எழுத்தறிவு வகுப்பில் சாராயத்தைப் பற்றிப் படித்த ஒரு பாடக் கதையைப் பேசப் போய், கிளம்பிச் சாராயக் கடையை மூட வைத்தார்கள். 1992-ல் அது ஜில்லா முழுக்கப் பரவியது. 1993-ல் ஆந்திர அரசு சாராயத்தைத் தடை செய்தது. 1995-ல் முழு மதுவிலக்கே வந்தது. 1997-ல் அதைத் தளர்த்திவிட்டார்கள் என்பது வேறு கதை. அந்தப் பெண்கள் 'எங்க வீட்டுக்காரர் குடிக்கிறார்' என்று வெளியே சொன்னதுதான் முதல் அடி.

இன்னொருவர் சென்னையின் சாந்தி ரங்கநாதன். பெரிய குடும்பத்துப் பெண். குடியால் கணவரை இளம் வயதிலேயே பறிகொடுத்தவர். மூலையில் உட்கார்ந்து அழாமல், கணவர் பெயரிலேயே 1980-ல் குடிநோய்க்குச் சிகிச்சை தரும் நிறுவனத்தைத் தொடங்கினார். 1992-ல் பத்மஸ்ரீ வாங்கினார். குடியை ஒழுக்கக்கேடு என்று திட்டாமல் நோய் என்று பார்த்து வைத்தியம் பண்ண வேண்டும் என்பதைத் தமிழ்நாட்டுக்கு எடுத்துச் சொன்னவர்களில் முக்கியமானவர். கூலிக்காரியும் சொன்னாள், கோடீஸ்வர வீட்டுப் பெண்ணும் சொன்னாள். நான் மட்டும் எதற்கு மூடி மூடி வைக்க வேண்டும்?

விடிந்ததும் அவரிடமே விஷயத்தைச் சொன்னேன். மருமகன் பேக்கேஜ் எடுக்கப் போகிறார், நான் என்ன சொல்லட்டும் என்று கேட்டேன். வலையைப் பிரித்துக் கொண்டிருந்தவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், "போனைப் போடு, நானே பேசுறேன்" என்றார்.

"மாப்ள, நான் குடிச்சிட்டு இருந்தவன். விட்டு நாலு வருஷம் ஆவுது. ஆஸ்பத்திரில இருந்துதான் விட்டேன். ஒங்க கிட்ட சொல்லாதது எங்க தப்பு. அந்த பேக்கேஜ் மட்டும் வேணாம்" என்றார். அவ்வளவுதான் பேசினார். கை நடுங்கியதை நான் பார்த்தேன்.

அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. எனக்கு உயிரே போய் வந்தது. பிறகு மருமகன், "மாமா, எங்க பெரியப்பா இதுலயேதான் போய் சேந்தாரு. எங்க வீட்லயும் மாரடைப்புன்னுதான் சொல்லி வெச்சிருக்கோம்" என்றாரே பார்க்கலாம்! இரண்டு வீட்டிலும் ஒரே நோயை இரண்டு பெயரில் ஒளித்து வைத்திருந்திருக்கிறோம். அன்றைக்கே ஏஜெண்டிடம் 'பேக்கேஜ் வேண்டாம்' என்று சொல்லிவிட்டார். எங்களுக்காகத் தனக்கும் எடுக்கவில்லை.

பயணம் நன்றாகவே இருந்தது. பாட்டு, நாடகம், விதவிதமான சாப்பாடு. கப்பலில் கையில் காசு புழங்காது. ஒரு கார்டைக் காட்டினால் கணக்கில் ஏறிவிடும். அது ஆபத்து என்பதால் தினமும் ராத்திரி கவுண்டரில் போய் அன்றைய கணக்கைக் கேட்டு வாங்கினேன். இரண்டு நாளில் நாங்கள் இருவரும் தனியாகக் காசு கொடுத்துக் குடித்தது மூன்று ஜூஸ், ஒரு ஐஸ் காபி. எண்ணூற்றுச் சொச்சம். மற்றபடி டீதான். தட்டில் கிளாஸ்களோடு வந்த பையனிடம் இவர், "தம்பி, டீ எங்க கெடைக்கும்?" என்று கேட்டு, அவனும் சிரித்துக் கொண்டே கூட்டிப் போய்க் காட்டினான்.

இரண்டாம் நாள் ராத்திரி நடந்ததைத்தான் சொல்ல வேண்டும். இரண்டு மணி இருக்கும். விழித்துப் பார்த்தால் பக்கத்தில் ஆள் இல்லை. பதறிக் கொண்டு மேல்தளத்துக்கு ஓடினேன். கம்பியைப் பிடித்துக் கொண்டு தனியாக நின்றிருந்தார். "நம்ம லைட்ஹவுஸ் தெரியுதான்னு பாக்குறேன்" என்றார். எங்கே தெரியும்? சுற்றி ஒரே இருட்டு. கொஞ்ச நேரம் கழித்து மெதுவாகச் சொன்னார்:

"சாயங்காலத்துல இருந்து வாசனை வந்துகிட்டே இருக்கு. பேக்கேஜ் மட்டும் கட்டியிருந்தா, இந்நேரம் போய் கேட்டிருப்பேன். கட்டினதுதானே, ஒண்ணே ஒண்ணுன்னு. துட்டு குடுக்கணும், ஒங்கிட்ட கேக்கணும்னு இருந்ததாலதான் நின்னேன்."

நாலு வருஷம் தொடாத மனுஷன் சகோதரிகளே! விட்டவருக்குக்கூட ஆசை செத்துப் போவதில்லை. தூங்குகிறது, அவ்வளவுதான். அதை எழுப்பாமல் இருக்க நடுவில் ஒரு சின்னத் தடை போதும். காசு எடுத்துக் கொடுக்க வேண்டும், ஒருத்தரைக் கேட்க வேண்டும் என்ற அந்த ஒரு நிமிஷத் தடை. பேக்கேஜ் என்பது அந்தத் தடையைத்தான் விலைக்கு வாங்கிக் கழற்றிப் போடுகிறது. விடியும்வரை இரண்டு பேரும் அங்கேயே உட்கார்ந்து டீ குடித்தோம்.

இதெல்லாம் கப்பலில் போகிறவர்கள் பிரச்னை, நமக்கென்ன என்று நினைக்காதீர்கள். புத்தாண்டு ராத்திரிக்கு ஓட்டல்களில் 'ஒரே கட்டணம், அளவில்லாப் பானம்' என்று விளம்பரம் வருகிறது. ஆபீஸ் பார்ட்டி, கல்யாணத்துக்கு முந்தின நாள் பார்ட்டி என்று எங்கெல்லாமோ வந்துவிட்டது. உலக சுகாதார நிறுவனமே 2023-ல், உடம்புக்குக் கெடுதல் இல்லாத அளவு என்று மதுவில் ஒன்று கிடையாது என்று சொல்லிவிட்டது. அளவே இல்லாததை அளவில்லாமல் விற்பது என்ன நியாயம்?

என் அபிப்பிராயத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். வீட்டில் யாராவது கப்பல் பயணத்துக்கு பேக்கேஜ் என்று பேச்செடுத்தால் மூன்று கேள்வி கேளுங்கள். சும்மா கிடைப்பது எது? கட்டின பணம் வசூலாக ஒரு நாளைக்கு எத்தனை கிளாஸ்? அத்தனை கிளாஸ் வீட்டில் இருக்கும்போது குடிப்போமா? மூன்றாவது கேள்விக்கு 'இல்லை' என்று பதில் வந்தால் எடுக்காதீர்கள். அந்தப் பணத்தில் ஒரு தொகையைத் தனியாக வையுங்கள். வேண்டியதை வேண்டும்போது வாங்கிக் குடியுங்கள். மிச்சம் பிடித்தது வீட்டுக்கு.

குடியை விட்டவர் ஒருவர் கூட வந்தால், கணக்குக் கூடப் போடாதீர்கள். லாபமே வந்தாலும் வேண்டாம். அப்படிப்பட்டவர்கள் பயணமே போகக் கூடாது என்று நான் சொல்லவில்லை. வெளிநாட்டுக் கப்பல்கள் பலவற்றில், தினசரி நிகழ்ச்சி அட்டவணையிலேயே 'பில் டபிள்யூவின் நண்பர்கள்' என்று ஒரு கூட்டம் போட்டிருக்குமாம். 1935-ல் அமெரிக்காவில் 'ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்' இயக்கத்தைத் தொடங்கிய இருவரில் ஒருவர் பெயர் அது. குடியை விட்டவர்கள் ஒருவருக்கொருவர் தைரியம் சொல்லிக் கொள்ள அங்கே கூடுகிறார்கள். நம் கப்பல்களிலும் இப்படி ஒரு மூலையை ஒதுக்கலாமே! குடிக்காதவர் தலையில் பேக்கேஜைக் கட்டும் விதியையும் நம் ஊர்க் கப்பல்களில் நுழைய விடக் கூடாது.

கடைசியாக ஒன்று. என்னைப் போல 'மஞ்சள் காமாலை' என்று சொல்லி வைத்திருக்கும் சகோதரிகள் எத்தனையோ பேர் இதைப் படிப்பீர்கள். ஊருக்கெல்லாம் பறை சாற்ற வேண்டாம். வீட்டுக்குள் இருக்கிறவர்களுக்காவது உண்மையைச் சொல்லி வையுங்கள். தெரியாதவர்கள் அன்போடு நீட்டுகிற கிளாஸ்தான் எல்லாவற்றையும்விட ஆபத்தானது. உதவி தேவைப்படுகிறவர்களுக்கு மத்திய அரசின் போதை மீட்பு உதவி எண் 14446 இருக்கிறது. கூப்பிட்டுப் பேசக் காசு கிடையாது.

இப்போது எங்கள் வீட்டில், அந்தக் காலண்டர் தாள் சாமி படத்துக்குப் பின்னால் பத்திரமாக இருக்கிறது. 'எதுக்கு இதை வெச்சிருக்க?' என்று அவர் கேட்டார். 'இருக்கட்டும், அடுத்த தடவை கணக்குப் போடத் தேவைப்படும்' என்றேன். என்ன சகோதரிகளே, நான் செய்தது சரிதானே? உங்கள் அபிப்பிராயத்தையும் எழுதுங்களேன்.

— ஒரு வாசகி,
லைட்ஹவுஸ் குப்பம், பழவேற்காடு.